கண் திறந்த பின் காக்கும் கடமை

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற முதியோர் தினக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று இம்மேடையில் நாம் இலக்கியம் பேச வரவில்லை. தத்துவம் பேசவும் வரவில்லை. நம்மவர் வீடுகளில் அடிக்கடி நிகழும் ஒரு காரியத்தைப் பற்றியே பேச எண்ணியுள்ளோம். கண்ணிற் புரை எடுப்பித்துக்கொண்டு வீடு திரும்பும் பெரியவர் ஒருவரை அவ்வீட்டார் எவ்வாறு பராமரித்தல் வேண்டும் என்பதே இன்றைய பொருள்.

“இது வைத்தியர் சொல்ல வேண்டிய விஷயமன்றோ? வாலிபர் சங்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. சத்திரவைத்தியர் தமது வேலையைப் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார். அதன்பின் வரும் நான்கு வாரமும் அந்தக் கண் வீட்டாரின் கையிலேயே இருக்கிறது. வீட்டில் ஓடியாடி உதவக்கூடியவர் யார்? இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களாகிய நீங்களே. நாம் வைத்தியரல்லோம், பட்டறிந்தவர்கள் மாத்திரமே. பட்டது என்னவென்பதை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

எமது பெரியையா ஓய்வுபெற்ற ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலக்கண்ணிற் புரை எடுக்கப்பட்டது. மறுநாட் காலையில் மூடியை எடுத்ததும், சுவரிலே தொங்கிய நாட்காட்டியைப் பார்த்து அன்றைய நட்சத்திரத்தைக்கூட வாசித்துக் காட்டினார். வீடே மகிழ்ந்தது. நான்காம் நாள் கோயிலிற் கொடியேற்றம். நாம் எல்லோரும் கோயிலே கதியென்று இருந்தோம். அன்றிரவு அவருக்குக் கண் நோகத் தொடங்கியது. முகம் வாடியிருப்பதைக் கண்டு கேட்டபோது, “ஒண்டுமில்லைத் தம்பி. வெட்டின கண் எண்டால் கொஞ்சம் நோகுந்தானே. திருவிழா நேரத்தில உங்களுக்கு ஏன் கரைச்சல்?” என்றார். நாமும் நம்பினோம். உண்மையைச் சொல்வதானால், நம்புவது எமக்கு வசதியாக இருந்தது. இரண்டு பனடோல் குளிசையைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

மறுநாளும் அப்படியே கழிந்தது. ஆறாம் நாட் காலையில் கண் இரத்தமாய்ச் சிவந்து, முகத்துக்கு நேரே நீட்டிய விரல்களை எண்ணமுடியாத நிலை வந்த பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டோடினோம். கண்ணின் உள்ளே கிருமி பெருகியிருந்தது. கண்ணுக்குள்ளேயே மருந்தை ஊசியால் ஏற்றி வைத்தியர்கள் பெரும்பாடு பட்டார்கள். கண்ணைக் காப்பாற்றினார்கள், பார்வையிற் பெரும்பகுதியைக் காப்பாற்ற முடியவில்லை. “நோகத் தொடங்கிய இரவே கொண்டுவந்திருக்கலாமே?” என்று அவர்கள் கேட்டதற்கு எம்மிடம் விடையில்லை. வைத்தியர்மீது குறையில்லை, தாதியர்மீதும் குறையில்லை. குறை எம்முடையது. அந்தக் குறை உங்கள் வீடுகளில் நேரக்கூடாது என்பதற்காகவே இன்று பேச ஒப்புக்கொண்டோம்.

புரை என்பது என்ன? கண்ணின் கருமணிக்குப் பின்னால், பளிங்கு போன்ற ஒரு சிறு வில்லை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒளியைக் குவித்துக் கண்ணின் பின்திரையில் விழச்செய்வது அதன் தொழில். வயது செல்லச்செல்ல அந்த வில்லை கலங்கி மங்குகிறது. அதுவே புரை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது முந்தி வருவதுண்டு. புகைத்தலும், கண்ணிற் பட்ட அடியும், சில மருந்துகளை நெடுங்காலம் பாவித்தலும் இதனை விரைவுபடுத்தும். மங்கிய வில்லையைத் தெளியவைக்கும் சொட்டு மருந்தோ, சூரணமோ இன்றுவரை இல்லை. அதனை எடுத்துவிட்டு வேறொரு வில்லையை வைப்பதே வழி.

இவ்விடத்திற் சிறிது பழைய வரலாற்றையும் அறிந்துகொள்ளல் நன்று. நம் வீட்டுப் பெரியவர்களின் அச்சம் எங்கிருந்து வந்ததென்பது அப்போதுதான் விளங்கும். கலங்கிய வில்லையை ஊசியால் தள்ளி ஒதுக்கும் முறை சுசுருதசங்கிதையிலேயே கூறப்பட்டுள்ளது. வில்லையை வெளியே எடுக்கும் முறையை 1747ஆம் ஆண்டிற் பிரான்சியரான ஜாக் தாவியேல் என்னும் வைத்தியர் செய்துகாட்டினார். அதன்பின் இருநூறு ஆண்டுகளாக, எடுத்த வில்லைக்குப் பதிலாக ஒன்றும் வைக்கப்படவில்லை. கண்ணின் விளிம்பிலே பெரிய வெட்டு; அது ஆறும்வரை நோயாளி தலையை அசையாது நாட்கணக்கிற் படுத்திருத்தல் வேண்டும். தலையின் இருபுறமும் மணற்பொதிகளை வைப்பார்கள். இருமினாற் பயம், தும்மினாற் பயம். எழுந்த பின்போ, சோடாப் போத்தலின் அடிபோன்ற தடித்த கண்ணாடி. அதனூடே பார்த்தாற் பொருள்கள் பருத்துத் தோன்றும். பக்கத்தில் நிற்பவர் தெரியமாட்டார்.

இதனை மாற்றியவர் இங்கிலாந்திலே ஹரோல்ட் றிட்லி என்னும் கண்வைத்தியர். இரண்டாம் உலகமகாயுத்தத்திலே விமானங்களின் கண்ணாடிக்கூடு உடைந்து, அதன் துணுக்குகள் விமானிகளின் கண்களிற் புகுந்திருந்தன. அவை பேர்ஸ்பெக்ஸ் என்னும் செயற்கைப் பொருளாலானவை. அத்துணுக்குகள் கண்ணுக்குள்ளே கிடந்தும் கண் அவற்றை வெறுக்காதிருந்ததை றிட்லி கண்டார். ஒருநாள் அவர் புரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்றை வைக்கமாட்டீர்களா என்று கேட்டாராம். ஒரு வாலிபன் கேட்ட கேள்வி! 1949ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29ஆந் திகதி இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில், 45 வயதுப் பெண்மணி ஒருவரின் கண்ணில் றிட்லி முதன்முதலாகச் செயற்கை வில்லையைப் பொருத்தினார். அக்காலத்துப் பெரிய வைத்தியர்கள் பலர் அவரை எதிர்த்தார்கள். இன்று உலகமெங்கும் புரை எடுப்போருக்கு அந்த வழியே பொதுவழி. பின்னர் 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே சார்ள்ஸ் கெல்மன் என்பவர், மிக நுண்ணிய அதிர்வினால் வில்லையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதனால் வெட்டு மூன்று மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கியது. தையலும் பெரும்பாலும் வேண்டியதில்லை. கண்ணைச் சுற்றி மரக்கச் செய்துவிட்டுச் சிகிச்சை செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஆகவே, நம் வீடுகளில் இருவகைத் தவறு நேர்கின்றது. பழைய காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள், “அசையக்கூடாது, வாசிக்கக்கூடாது, அதைத் தின்னக்கூடாது, இதைத் தின்னக்கூடாது” என்று வேண்டாத அச்சங்கொள்கிறார்கள். புதிய காலத்தை மாத்திரம் அறிந்த இளைஞர்களோ, “இது பல்லுப் பிடுங்குவது போன்ற சின்ன வேலை” என்று வேண்டிய அச்சத்தையும் விட்டுவிடுகிறார்கள். வெட்டு சிறியதுதான். ஆயினும் அது கண்ணுக்குள்ளே போகும் ஒரு வாசல். வாசல் நன்கு மூடும்வரை காவல் வேண்டும். இதுவே நாம் சொல்ல வந்ததன் சாரம்.

முதல்நாள் வீட்டுக்கு வந்ததும் ஓய்வு போதும். கண் சற்று உறுத்தும், நீர் வடியும், வெளிச்சங் கூசும், பார்வை முதற் சில நாட்கள் மங்கலாக இருத்தலுங் கூடும். இவை இயல்பானவை. நீலநிறம் மிகப் பளிச்செனத் தோன்றுகிறது என்று சிலர் வியப்பார்கள். புரையானது மஞ்சட் கண்ணாடிபோல இதுவரை மறைத்திருந்த நிறம் அது, அஞ்சவேண்டியதில்லை. நித்திரையிலே கை தன்னறியாமற் கண்ணைக் கசக்கிவிடும். ஆதலின், வைத்தியசாலையிற் கொடுத்த மூடியை ஒரு வாரமளவு, அல்லது வைத்தியர் சொன்ன காலம்வரை, இரவில் ஒட்டிக்கொண்டே படுத்தல் வேண்டும். சிகிச்சை செய்த பக்கமாகச் சாய்ந்து படாதிருத்தல் நன்று.

இனி, மருந்து விடுதல். முழுக்கவனமும் வேண்டியது இவ்விடத்திலேதான். கிருமியைத் தடுக்கும் மருந்து ஒன்று, உள்ளே ஏற்படும் அழற்சியைத் தணிக்கும் மருந்து ஒன்று எனப் பெரும்பாலும் இரண்டு போத்தல்கள் தருவார்கள். மருந்து விடுபவர் முதலிற் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும். கோயிலிலிருந்து வந்த கையாயினும், சமையலறையிலிருந்து வந்த கையாயினும் கழுவியே தீரவேண்டும். குலுக்கிப் பாவிக்குமாறு குறித்திருந்தாற் போத்தலை நன்றாகக் குலுக்குக. பெரியவரைத் தலையைப் பின்னே சாய்த்து மேலே பார்க்கச் சொல்லி, கீழிமையை மெல்லக் கீழே இழுத்து, அங்கே உண்டாகும் சிறு பையிலே ஒரேயொரு துளி விடுக. இரண்டு துளி விட்டால் இரட்டிப்பு நன்மை இல்லை. மிகுதி கன்னத்தில் வடிந்துவிடும். போத்தலின் நுனி இமையிலோ, இமைமயிரிலோ, விரலிலோ படக்கூடாது. பட்டாற் போத்தலே கிருமிக்கு வீடாகிவிடும். பின் கண்ணை மெல்ல மூடச்செய்து, மூக்கோரமாகக் கண்ணின் மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்துக. மருந்து தொண்டைக்குள் இறங்கிவிடாது கண்ணிலே தங்கும். அடுத்த மருந்துக்கு முன் ஐந்து நிமிடம் பொறுத்தல் வேண்டும். உடனே விட்டால் முந்தியதைப் பிந்தியது கழுவிவிடும்.

“கண் நல்லாய்த் தெரியுது, இனி மருந்து என்னத்துக்கு?” என்று பத்தாம் நாளிலேயே போத்தலை ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு. அது பெருந்தவறு. அழற்சியைத் தணிக்கும் மருந்தை வைத்தியர் எழுதியபடி வாரத்துக்கு வாரம் குறைத்தே நிறுத்தல் வேண்டும். அதேவேளை, நான்கு வாரத்துக்கு எழுதியதை நாமாகக் கடையில் வாங்கி நான்கு மாதத்துக்கு விடுவதும் ஆபத்து. அம்மருந்து சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தத்தைக் கூட்டும். அதனை நோயாளி உணரமாட்டார். கண் தெளிவாகத் தெரிந்தாலும் கிளினிக்குக்குக் குறித்த நாளிற் போகவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மிஞ்சிய மருந்தை அயல்வீட்டாருக்குக் கொடுத்தலும் ஆகாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணோவுக்கு முலைப்பால் விடுவதும், நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவதும், தேன் தடவுவதும் நம்மவரிடையே இருந்துவந்த வழக்கங்கள். அன்பினாற் செய்பவைதாம். ஆனால், சத்திரசிகிச்சை செய்த கண்ணில் இவற்றுள் எதுவும் படவே கூடாது. வைத்தியர் தந்த துளியன்றி வேறொன்றும் அக்கண்ணுக்குள்ளே போகலாகாது.

தண்ணீர் விஷயத்திலும் கவனம் வேண்டும். கழுத்துக்குக் கீழே குளிக்கத் தடையில்லை. தலைமுழுக்கை இரண்டு வாரமளவுக்கு ஒத்திவைக்கலாம். முடியாதெனில், தலையைப் பின்னே சாய்த்து, முகத்தில் நீர் வழியாமல் இன்னொருவர் கழுவிவிடலாம். எண்ணெய் முழுக்கு வேண்டாம். கேணியிலும் குளத்திலும் கடலிலும் முங்குவதை ஒரு மாதமாவது தவிர்த்தல் வேண்டும். தீர்த்தத் திருவிழா வந்தாலும், கரையிலே நின்று கும்பிட்டால் இறைவன் கோபிக்கமாட்டான்.

கோயிலுக்குப் போவதைத் தடுக்க நாம் வரவில்லை. ஆயினும் முதல் இரண்டு வாரத்துக்கு நெரிசலும் வீதிப்புழுதியும் கற்பூரப்புகையும் அக்கண்ணுக்கு ஆகா. தண்டனிட்டு விழுந்து கும்பிடுதல், பிரதட்டை, அடியழித்தல், காவடி முதலியவற்றை வைத்தியர் அனுமதிக்கும்வரை நிறுத்திவைத்தல் வேண்டும். திருநீற்றை நெற்றியிலே நிறைய உதிர்த்துப் பூசினால் அத்துகள் கண்ணுக்குள் விழும். ஆதலின் இன்னொருவர் விரல் நுனியால் மெல்லத் தொட்டு வைத்துவிடுக.

வேலை விஷயம் எப்படி? நடக்கலாம், பேசலாம், வாசிக்கலாம், தொலைக்காட்சி பார்க்கலாம். வாசித்தாற் கண் கெட்டுவிடும் என்பது பழைய காலத்து எண்ணம். விலக்க வேண்டியவை வேறு. கிணற்றில் தண்ணீர் அள்ளுதல், நெல்மூட்டை தூக்குதல், குனிந்து தேங்காய் திருவுதல், முற்றங் கூட்டுதல், விறகடுப்பை ஊதுதல், மிளகாய் வறுத்தல் என்பனவற்றை இரண்டு வாரமாவது செய்யவிடாதீர்கள். நம் தாய்மார்கள், “நான் சும்மா இருக்கேலாது” என்று மூன்றாம் நாளே அடுப்படிக்குப் போய்விடுவார்கள். அவர்களை இருக்கச் சொன்னாற் போதாது. அந்த வேலையை நீங்கள் எடுத்துச் செய்தால்தான் அவர்கள் இருப்பார்கள். இதனை ஆண்பிள்ளைகள் சிறப்பாகக் கவனிக்கவேண்டும்.

உணவிலே பத்தியம் எதுவும் இல்லை. கத்தரிக்காய் தின்றாற் புண் ஆறாது, புளி சேர்த்தால் நீர் வடியும் என்பவற்றுக்கு ஆதாரம் இல்லை. ஊட்டமான சாதாரண உணவே ஆறுதலைத் தரும். மலச்சிக்கலால் முக்குவது கண்ணுக்கு நன்றன்று. ஆகவே கீரையும் பழமும் தண்ணீரும் தாராளமாக வேண்டும். இருமல் இருந்தால் அதற்கு உடனே மருந்தெடுத்தல் வேண்டும். நீரிழிவுள்ளவர்கள் அதனைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் எல்லாவற்றிலும் முக்கியம். சீனி கூடினாற் புண் ஆறுதல் பிந்தும், கிருமி தொற்றுதல் எளிதாகும். கண்மருந்து விடுகிறோம் என்று நீரிழிவு மருந்தையோ, இரத்த அழுத்த மருந்தையோ நிறுத்திவிடவேண்டாம்.

வாலிப அன்பர்களே, இனிச் சொல்வதை மாத்திரமாவது மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். நோவு குறையாமற் கூடுதல். தெளிந்துவந்த பார்வை மீண்டும் மங்குதல். சிவப்பு நாளுக்கு நாள் மிகுதல். பீளை அல்லது சீழ் வடிதல். இமை வீங்குதல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் அது கண்ணுக்குள்ளே கிருமி புகுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். மின்னல் போல ஒளி வெட்டுதல், கரும்புள்ளிகள் திடீரெனப் பலவாய் மிதத்தல், ஒரு பக்கத்திலே திரைச்சீலை இறங்கினாற்போல மறைத்தல் ஆகியவை பின்திரை கழன்றுவருவதன் அறிகுறியாக இருக்கலாம். இவை அரிதாகவே நேர்வன. நேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. திருவிழாவாயினும், நள்ளிரவாயினும், அந்த மணிநேரமே கண்சிகிச்சைப் பிரிவுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோதல் வேண்டும். கிருமி விஷயத்தில் ஒரு நாளென்பது மிக நீண்ட காலம். இதனை எமது வீடு விலைகொடுத்துக் கற்றது.

முதியவர்கள் நோவைச் சொல்லமாட்டார்கள் என்பதை மறக்கவேண்டாம். “நோகுதோ?” என்று கேட்டால், “இல்லை” என்பார்கள். பிள்ளைகளுக்குப் பாரமாய் இருக்கக்கூடாதென்ற எண்ணமே அவர்களை அப்படிச் சொல்லவைக்கிறது. ஆகவே வேறுவிதமாகக் கேட்கவேண்டும். பெரியையாவுக்கு ஓராண்டு கழித்து இடக்கண்ணிலும் புரை எடுக்க நேர்ந்தது. அவர் முதலில் மறுத்தார். “இருக்கிற அரைக்கண்ணையும் ஏன் இழப்பான்?” என்றார். அவரைச் சம்மதிக்கச் செய்ய எமக்குப் பல மாதங்கள் சென்றன. அம்முறை நாம் செய்தது இது. ஒரு கடதாசியில் நாளையும் மருந்து நேரத்தையும் கோடிட்டு எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒவ்வொரு துளிக்கும் ஓர் அடையாளம். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு நேரத்துக்கும் மணி வைத்தோம். நாள்தோறும் மாலையில், அவரை ஒரே கதிரையில் ஒரே இடத்தில் இருத்தி, மற்றக் கண்ணை மெல்ல மறைத்து, சுவர் நாட்காட்டியை வாசிக்கச் சொன்னோம். நேற்று வாசித்த எழுத்தை இன்று வாசிக்க முடிகிறதா? நேற்றைய நோவிலும் இன்றைய நோவு கூடவா, குறைவா? கண்ணின் சிவப்பு எப்படி? மூன்றே கேள்விகள். “தம்பி எனக்குச் சோதினை வைக்கிறான்” என்று அந்த ஆசிரியர் சிரிப்பார். நான்கு வாரமும் ஒரு நாள் தவறவில்லை. கண் நன்றாக ஆறியது.

ஆறிய பின்னும் சில விஷயங்கள் உள. முதற் சில வாரங்களில் இரு கண்ணும் ஒத்துப் பார்க்கமாட்டா. பழைய கண்ணாடியும் பொருந்தாது. படியிலும் கிணற்றடியிலும் குளியலறையிலும் தடுக்கி விழும் அபாயம் உண்டு, கைபிடித்து நடத்துங்கள். கண்ணின் அளவு நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதன் பின்பே புதிய கண்ணாடிக்கு அளவெடுத்தல் வேண்டும். பெரும்பாலும் தூரப்பார்வைக்கு ஏற்ற வில்லையையே வைப்பதால், பத்திரிகை வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும். அது சிகிச்சையின் குறையன்று. சிலருக்கு மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து மீண்டும் மங்கலாகும். “புரை திரும்ப வளர்ந்துவிட்டது” என்று ஏங்கவேண்டாம். வில்லையைத் தாங்கியிருக்கும் மெல்லிய உறை மங்குவதே அதன் காரணம். லேசர் ஒளியினாற் சில நிமிடத்தில் நோவின்றி அதனைச் சரிசெய்துவிடலாம். உள்ளே வைத்த வில்லையோ ஆயுள்வரை நிற்கும், மாற்றவேண்டியதில்லை.

இறுதியாக, இச்சங்கத்து இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊரிலே பிள்ளைகள் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் இருக்க, தனித்து வாழும் முதியவர்கள் பலர். பிள்ளைகள் பணம் அனுப்புவார்கள். தொலைபேசியிற் சுகம் விசாரிப்பார்கள். ஆனால், தொலைபேசி வழியே கண்ணுக்குள் ஒரு துளி மருந்து விடமுடியாது. கை நடுங்கும் மூதாட்டி தானே விடும் துளி கன்னத்திலேயே விழுகிறது. புரை எடுத்து வரும் ஒவ்வொரு முதியவருக்கும் சங்கத்தவர் இருவர் பொறுப்பேற்று, முறைவைத்து மருந்து விடவும், மாலையில் அந்த மூன்று கேள்விகளைக் கேட்கவும், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு கூடப்போகவும் முன்வந்தால் என்ன? நான்கு வாரமே தேவை. பணம் வேண்டாம்; கழுவிய கையும், தவறாத நேரமும் போதும்.

பெரியவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நோவு வந்தாற் சொல்லுங்கள். நள்ளிரவாயினும் எழுப்புங்கள். உங்களைக் கொண்டோடுவது பிள்ளைகளுக்குக் கரைச்சல் அன்று. சொல்லாமல் விட்டு நீங்கள் இழக்கும் பார்வையே அவர்களுக்கு ஆயுள்வரை ஆறாத கரைச்சல். பெரியையா இன்றும் காலையிற் பத்திரிகையை இடக்கண்ணாலேயே வாசிக்கிறார். அவர் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எமக்கு வலக்கண்ணின் நினைவு வருகிறது. அவர் ஒருநாளும் அதைப்பற்றி எம்மிடம் ஒரு சொற் கூறியதில்லை.